நின்றபடி பார்த்த படம்

நார்த்மீட், சிட்னி
10.11.2024

அன்பு மருமகள் வைதேகிக்கு,

இங்கே நானும் மாமியும் சுகம். மாமியின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் சண்டைக்கு நிற்கிறது. அங்கே நீயும் என் தங்கச்சியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

உன் பட்டமளிப்புப் படம் கிடைத்தது. ஒன்றை வீட்டில் மாட்டிவிட்டேன். இன்னொன்றைப் பெரிதாக்கி டண்டினோங்கில் இருக்கும் என் இடியப்பத் தொழிற்சாலைக்கு அனுப்பியிருக்கிறேன். உன் அம்மாவும் மற்றப் பெண்களும் பொதி கட்டும் மேசைக்கு நேர் எதிரே மாட்டும்படி மனேஜர் ஆரூரனிடம் சொல்லியிருக்கிறேன். இடியப்பம் அடுக்குகிறவளின் மகள் பட்டதாரியாகலாம் என்பதை அவர்கள் ஒவ்வொரு நாளும் பார்க்கவேண்டும். நம் பரம்பரையில் முதல் பட்டதாரிப் பெண் நீ.

இப்போது உனக்கு ஒரு வேலை. நான் மொஸ்கோவில் பொறியியல் படித்த காலத்தில் விடுதிக்குப் பின்னால் ஒரு சின்னத் திரையரங்கு இருந்தது. அங்கே ஏழு தடவை பார்த்த படம் ஒன்றின் பிரதி, என்னோடு படித்த நண்பன் மூலம் கிடைத்திருக்கிறது. புரட்சிக்கு முந்திய ஒரு நெசவாலையில் வேலை செய்த பெண்களின் கதை. பேசாப்படம். பேச்செல்லாம் கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்தாக வரும். மொத்தம் எண்பத்து நான்கு அட்டைகள். ரஷ்ய மொழியிலிருந்து நான் தமிழாக்கிக் கையால் எழுதி அனுப்புவேன். நீ அந்தத் தமிழைத் திருத்தி, தட்டச்சு செய்து, படத்தில் சரியான இடத்தில் பொருத்தவேண்டும். எங்கள் திரைவட்டம் மே மாதத்தில் திரையிடும்.

முதல் இருபது அட்டைகளும் படப்பிரதியும் இத்துடன் வருகின்றன. சந்தேகமிருந்தால் எழுது, போன் எடுக்காதே. போனில் உனக்கு "ஓம் மாமா" தவிர வேறு எதுவும் வாயில் வராது. பன்னிரண்டு வயதில் உன்னைக் கடிதம் எழுதப் பழக்கியதே அதற்காகத்தான்.

தோழமையுடன்,
மாமா

*

கிரான்பர்ன், மெல்பேர்ண்
24.11.2024

அன்பு மாமாவுக்கு,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். மாமியின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் போடச் சொல்லி அம்மா சொல்லச் சொன்னார்.

இருபது அட்டைகளும் முடிந்தன. நூலகத்தில் எனக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மற்ற நாட்களில் இதைச் செய்ய நேரம் இருக்கிறது. நீங்கள் எழுதிய "தொழிலாள வர்க்கத்தின் நெஞ்சக் குமுறல்" என்பதை "எங்களுக்குக் கோபம் வருகிறது" என்று மாற்றியிருக்கிறேன். அந்த அட்டை திரையில் நான்கு விநாடிதான் நிற்கிறது. கோபிக்கவேண்டாம்.

நான் வேலை செய்யும்போது அம்மாவும் பக்கத்தில் இருந்து படம் பார்க்கிறார். ஒரு பேசினில் உப்புத் தண்ணீர் வைத்து, அதற்குள் காலை வைத்துக்கொண்டு. முதலாளி தோடம்பழம் உரிக்கும் காட்சி வந்ததும் சிரித்துவிட்டார். "உவன் உரிக்கிற வடிவைப் பார். பழத்துக்கு நோகுமெண்டு பயப்பிடுறான்" என்றார். அதற்குப் பிறகு தறிகளுக்கு முன்னால் பெண்கள் வருகிறார்கள். அம்மா சிரிக்கவில்லை. அவர்கள் எத்தனை மணிக்கு வேலை விடுவார்கள் என்று கேட்டார். படத்தில் அது இல்லை என்றேன்.

மற்றபடி விசேஷம் இல்லை.

அன்பு மருமகள்,
வைதேகி

*

நார்த்மீட்
15.12.2024

அன்பு மருமகளுக்கு,

சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

"எங்களுக்குக் கோபம் வருகிறது" நன்றாக இருக்கிறது. உன் வயதில் எனக்குச் சொற்களை வெட்ட மனம் வராது.

அறுபதாவது அட்டைவரை இத்துடன் அனுப்புகிறேன். படத்தின் உயிரே இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. கவனமாகப் பார். தறிகளுக்கு நடுவே உட்காருவதற்கென்று நீளமாக ஒரு வாங்கு கிடக்கும். நூல் அறாத நேரத்தில் பெண்கள் அதில் சற்று இருப்பார்கள். இருந்தால் கதைக்கிறார்கள், கதைத்தால் கை ஓடவில்லை என்று கங்காணி அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அதன்பிறகு மூன்று நிமிடங்கள் வெறும் கால்கள் மட்டும் திரையில் வரும். ஈரத் தரையில் மரப்பட்டைச் செருப்புகள். ஒரு கால் மற்றக் காலைத் தேய்க்கிறது. ஒரு குதிக்கால் உயர்ந்து தாழ்கிறது. முகம் ஒன்றுகூட இல்லை! பிறகு ஒருத்தி தரையில் இருந்துவிடுவாள். அடுத்தவளும் இருப்பாள். கொடியில்லை, கோஷமில்லை. அதுதான் வேலைநிறுத்தம். ஏழு தடவையும் அந்த இடத்தில் அழுதிருக்கிறேன். இப்போது மொழிபெயர்க்கும்போதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டியிருந்தது. மாமி சிரிக்கிறாள்.

தொழிற்சாலையில் ஆரூரன் செய்த மாற்றங்களால் உற்பத்தி நன்றாகக் கூடியிருக்கிறது. பொங்கலுக்கு வருவேன். தங்கச்சிக்கு என் அன்பு.

தோழமையுடன்,
மாமா

*

கிரான்பர்ன்
05.01.2025

அன்பு மாமாவுக்கு,

உங்களுக்கும் மாமிக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். இங்கே சுகம்.

இதை எழுதலாமா என்று மூன்று நாட்கள் யோசித்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். ஆரூரன் அண்ணா செய்த மாற்றம் என்ன என்று உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். பொதி கட்டும் மேசையில் இருபத்தாறு பெண்களுக்கும் உட்கார உயரக் கதிரைகள் இருந்தன. தீபாவளிக்கு அடுத்த கிழமை அவற்றை எடுத்துவிட்டார். "நிண்டு செய்தா கை கெதியா ஓடும் அன்ரி" என்றாராம். இப்போது அம்மா எட்டு மணிநேரமும் றப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கழுவிய ஈரத் தரையில் நிற்கிறார். வீட்டுக்கு வந்து பூட்ஸ் பட்ட இடத்தில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. அந்தக் குழி மேலே வர நேரம் எடுக்கிறது.

அம்மா சொல்லமாட்டார். கேட்டால், "விடு பிள்ளை, இதையெல்லாம் அண்ணைக்கு எழுதாதை. அவர் எங்களுக்குச் செய்தது போதும்" என்பார். பொங்கலுக்கு வரும்போது நீங்களே பாருங்கள். உங்களுக்குத் தெரிந்தால் போதும், சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது படம். முப்பத்தாறாம் அட்டைக்குப் பிறகு முப்பத்தெட்டு வந்திருக்கிறது. முப்பத்தேழு இல்லை. முப்பத்தெட்டில், பெண்களில் ஒருத்தி முதலாளியிடம், "உங்கள் அம்மாவையும் நிற்க வைத்தா சாப்பாடு போடுகிறீர்கள்?" என்று கேட்கிறாள். ஏன் திடீரென்று அவனுடைய அம்மா வருகிறார் என்று விளங்கவில்லை. அதற்கு முன்னால் அவன் ஏதோ சொல்லியிருக்கவேண்டும். திரையில் ஓர் அட்டை ஆறு விநாடி நிற்கிறது. தவறிப்போயிருந்தால் அனுப்புங்கள்.

அன்பு மருமகள்,
வைதேகி

*

நார்த்மீட்
23.02.2025

அன்பு மருமகளுக்கு,

பதில் பிந்திவிட்டது. மாமிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்தது, இப்போது சுகம். நீங்களும் சுகம்தானே.

கடைசி அட்டைவரை இத்துடன் முடித்து அனுப்புகிறேன். ஆலைக்கதவு திறக்கும் காட்சியில் படத்துண்டுகளை எப்படி வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று பார். கதவு, முகம், கதவு, முகம். ஒவ்வொரு வெட்டும் முந்தியதைவிடக் குறுகிக்கொண்டே போகும். பார்க்கிறவனுக்கு மூச்சு வாங்கும். இன்றைய படங்கள் இதன் அருகில்கூட வராது.

முப்பத்தேழாம் அட்டை பழைய பிரதியில் சேதமாகிவிட்டது. வாசிக்க முடியாது. அதை விட்டுவிடு, கதைக்குக் குறையில்லை.

ஒரு சந்தோஷச் செய்தி. இந்த வருடம் திரையிடல் சிட்னியில் இல்லை. மே நான்காம் திகதி, ஞாயிறு, டண்டினோங்கில் மண்டபம் எடுத்திருக்கிறேன். நம் தொழிற்சாலைப் பெண்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் தொழிலாளர் தின விருந்தாக! படம் முடிந்ததும் நான் கொஞ்சம் பேசுவேன், பிறகு புரியாணிப் பார்சல். பொங்கலன்று, நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்று நான் பேசியபோது எல்லாருடைய முகத்திலும் எவ்வளவு சந்தோஷம்! அவர்களும் இந்தப் படத்தைப் பார்க்கவேண்டும். மண்டபத்தில் லப்டொப்பை நீதான் இயக்கவேண்டும்.

ஆரூரனின் அன்றாட வேலைகளில் நான் தலையிடுவதில்லை.

தோழமையுடன்,
மாமா

*

கிரான்பர்ன்
09.03.2025

மாமாவுக்கு,

இந்த முறை சுகம் என்று எழுதவில்லை. இதுவரை எழுதியதெல்லாம் பொய். வழக்கத்துக்காக எழுதிய பொய்.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவின் இடது காலில் கணுக்காலுக்கு மேலே தோல் வெடித்து நீர் வடிந்தது. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் பார்த்துவிட்டுக் கட்டுப்போட அனுப்பினார். கட்டுப்போட்ட தாதியின் பெயர் இரினா. அவர் வேறு ஒருவரோடு போனில் ரஷ்ய மொழியில் கதைத்ததைக் கேட்டேன். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும், கடையில் மிச்சக்காசு பிழையாகத் தந்தாலும் கேட்காமல் வருகிறவள். அன்றைக்குக் கேட்டேன். முப்பத்தேழாம் அட்டையைப் படமெடுத்து என் போனில் வைத்திருந்தேன். காட்டினேன்.

அதில் சேதம் ஒன்றுமில்லை, மாமா. மூலையில் ஒரு கீறல் மட்டும்தான். இரினா கட்டுச்சீலையைச் சுற்றிக்கொண்டே, கண்ணாடிகூடப் போடாமல் வாசித்தார். முதலாளி சொல்கிறான்: "நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம். குடும்பத்துக்குள் யாராவது வாங்கு கேட்டுச் சண்டை பிடிப்பார்களா?"

நான் தமிழில் சொன்னேன். அம்மா கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, "அண்ணை பொங்கலுக்கும் இதைத்தானே சொன்னவர்" என்றார். அவ்வளவுதான்.

நீங்கள் பொங்கலுக்கு வந்தீர்கள். என் கடிதத்தை வாசித்துவிட்டுத்தான் வந்தீர்கள். அந்த மேசைக்கு முன்னால் நின்றுதான் பேசினீர்கள். கதிரைகள் இருந்த இடம் உங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தது. இருபத்தாறு பெண்களும் உங்கள் பொங்கலைக் கடதாசித் தட்டில் வாங்கி நின்றுகொண்டு சாப்பிட்டார்கள். மரியம் பீவி அன்ரி தட்டை மேசையில் வைத்துவிட்டு ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றதாக அம்மா சொன்னார். நீங்கள் பார்த்தீர்கள். மூன்று நிமிடம் கால்களை மட்டும் பார்த்து அழத் தெரிந்தவர் நீங்கள். உங்களுக்குக் கால் தெரியாதா?

படத்தின் எண்பத்து நான்கு அட்டைகளில் இந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டீர்கள். வாசிக்க முடியாததாலா? வாசித்ததால்.

இருந்த கதிரைகளை எடுத்து அங்கே என் படத்தை மாட்டியிருக்கிறீர்கள். என் அம்மா நின்றுகொண்டு, நான் சிரிப்பதை எட்டு மணிநேரம் பார்க்கிறார்.

வைதேகி

*

நார்த்மீட்
23.03.2025

வைதேகிக்கு,

தங்கச்சியின் கால் விரைவில் சுகமாகவேண்டும். மருந்துகளை ஒழுங்காகப் போடச் சொல்.

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மாமிக்குக் காட்டவில்லை. காட்டினால் அவள் மனம் தாங்காது. படம் வேறு, தொழில் வேறு. சுப்பர்மார்க்கெட்காரர் ஒரு பொதி பிந்தினால் அடுத்த கிழமை வேறு ஆளிடம் போய்விடுவார்கள். அப்போது அந்த இருபத்தாறு பேருக்கும் மேசையும் இருக்காது. நூலகத்தில் இருந்துகொண்டு வேலை செய்கிறவர்களுக்கு அது விளங்காது.

நான் யார் என்று உனக்கு நினைவில்லாமல் போய்விட்டது. படகில் வரும்போது உன் அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு நீங்கள் இருவரும் வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தீர்கள். ஒன்றரை வருடம் ஒரு ஞாயிறு தவறாமல் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தவன் நான். மழையிலும் வந்தேன். காய்ச்சலோடும் வந்தேன். குடும்பம் என்ற சொல்லை நான் ரஷ்யப் படத்தில் படித்தவன் இல்லை.

மே நான்காம் திகதிக்கான ஏற்பாடுகள் முடிந்துவிட்டன. முப்பத்தேழை விட்டுவிட்டு மற்ற எண்பத்து மூன்று அட்டைகளோடு படத்தைத் தயார் செய். இதை என் வேண்டுகோளாக எடுத்துக்கொள்.

மாமா

*

கிரான்பர்ன்
06.04.2025

மாமாவுக்கு,

அம்மாவின் காலில் காயம் ஆறவில்லை. கட்டோடு வேலைக்குப் போகிறார். பூட்ஸுக்குள் கட்டு நனையாமல் இருக்க, உங்கள் தொழிற்சாலையின் இடியப்பப் பையையே காலில் சுற்றிக்கொள்கிறார்.

வில்லாவுட் எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பார்வையாளர் அறையில் எப்போதும் கதிரை போதாது. முதல் நாள் மூன்று பேருக்கு இரண்டு கதிரைகள்தான் கிடைத்தன. நீங்கள் என்னை ஒன்றில் இருத்தினீர்கள். மற்றதை அம்மாவின் பக்கம் தள்ளினீர்கள். அம்மா மாட்டேன் என்றார். "நீ இரு தங்கச்சி. நான் காரில இருந்துதானே வந்தனான். எனக்கு நிக்கத்தான் விருப்பம்" என்றீர்கள். ஒன்றரை மணிநேரம் சுவரில் சாய்ந்து நின்று, எங்களுக்கு மொஸ்கோக் கதைகள் சொன்னீர்கள். அடுத்த ஞாயிறும் அப்படித்தான் நின்றீர்கள். உலகத்திலேயே பெரிய மனிதர் நீங்கள் என்று நான் நம்பினேன். இவ்வளவு நாளும் என் கோபத்தை வாய்க்குள் வைத்திருந்ததற்கு அந்தச் சுவரும் நீங்களும்தான் காரணம்.

அந்த ஆளைத்தான் இப்போது கேட்கிறேன். அவர் எங்கே போனார்?

மே நான்காம் திகதி வருகிறேன். லப்டொப்பை நான்தான் இயக்குவேன். எல்லா அட்டைகளும் தயார்.

என் படத்தை அந்தச் சுவரிலிருந்து கழற்றச் சொல்லுங்கள்.

வைதேகி

*

கிரான்பர்ன்
11.05.2025

மாமாவுக்கு,

நீங்கள் அன்றைக்குப் புரியாணியும் சாப்பிடாமல் விமான நிலையத்துக்குப் போய்விட்டீர்கள். என்ன நடந்தது என்று நீங்கள் எல்லாருக்கும் ஒரு கதை சொல்வதாகக் கேள்விப்பட்டேன். நான் அம்மாவைத் தூண்டிவிட்டேனாம், பெண்களுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தேனாம். நீங்கள் முன்வரிசையில் இருந்தீர்கள். உங்களுக்குப் பின்னால் நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் லப்டொப்போடு இருந்த நான் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

யாருக்கும் எதுவும் நான் சொல்லவில்லை. முப்பத்தேழாம் அட்டையைப் போட்டேன். அது மட்டும்தான் என் வேலை. இரினா வாசித்ததை வாசித்தபடியே தமிழில் எழுதினேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை. ஆறு விநாடி திரையில் நின்றது. உங்கள் பிடரி அசையவில்லை. ஆரூரன் அண்ணாதான் உங்களைத் திரும்பிப் பார்த்தார்.

மண்டபத்தில் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். மரியம் பீவி அன்ரி என்று நினைக்கிறேன். பிறகு முப்பத்தெட்டு வந்தது. "உங்கள் அம்மாவையும் நிற்க வைத்தா சாப்பாடு போடுகிறீர்கள்?" அப்போது ஒரு கதிரை தரையில் உரசும் சத்தம் கேட்டது. அம்மா எழும்பி நின்றார்.

பக்கத்தில் இருந்த கலா அன்ரி, "என்ன தவமக்கா, கால் குத்துதோ? வெளியில போவமோ?" என்று கேட்டார்.

"இல்லை. நிண்டு பாக்கப்போறன்."

"ஏன்?"

"இது எங்கட படம். இருந்து பாத்தா வடிவா விளங்கேல்லை."

கலா அன்ரி அம்மாவை அண்ணாந்து பார்த்தார். "அப்ப நான் மட்டும் என்னத்துக்கு இருக்கிறன்?" என்று எழும்பினார். மரியம் பீவி அன்ரியின் பேரப்பிள்ளை மடியில் நித்திரை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரும் எழும்பினார். திரையில் கால்கள் வந்தன. மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்திலும் அதற்குப் பிறகும் கதிரைகள் ஒவ்வொன்றாக உரசின. நான் எண்ணினேன். இருபத்தாறு. திரையில் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தரையில் இருக்க, மண்டபத்தில் ஒவ்வொருத்தியாக எழும்பினார்கள். மீதி ஒரு மணிநேரப் படத்தையும் நின்றபடி பார்த்தார்கள். அம்மா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பின்னால் இருந்து அவருடைய கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டே லப்டொப்பை இயக்கினேன்.

விளக்குப் போட்டதும் நீங்கள் பேச்சுக் கடதாசியோடு எழும்பித் திரும்பினீர்கள். உங்கள் கண் நனைந்திருந்தது. எட்டாவது தடவையும் அழுதிருக்கிறீர்கள். எல்லாரும் நிற்பதைப் பார்த்து, படத்துக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டீர்கள். கையெடுத்துக் கும்பிட்டீர்கள். "நன்றி, நன்றி! இந்தப் படம் உங்களை இப்பிடித் தொடுமெண்டு எனக்குத் தெரியும். இருங்கோ, எல்லாரும் இருங்கோ" என்றீர்கள்.

ஒருவரும் இருக்கவில்லை.

"இருங்கோ பிள்ளையள், நான் கொஞ்சம் கதைக்கவேணும்."

"கதையுங்கோ அண்ணை," என்றார் அம்மா. "எங்களுக்கு நிண்டு பழகீட்டுது."

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கடதாசியைப் பார்த்தீர்கள். மடித்தீர்கள். சட்டைப்பையில் வைத்தீர்கள். அந்த இடத்தில் நீங்கள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். நான் கடைசி வரிசையில் இருந்து அதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஆரூரன் அண்ணாவிடம் கார்ச்சாவியைக் கேட்டீர்கள்.

யாரும் தூண்டவில்லை, மாமா. தூண்டியது உங்கள் படம். ஏழு தடவை பார்த்து, மொழிபெயர்த்து, மண்டபம் எடுத்துக் காட்டியவர் நீங்கள்.

வைதேகி

*

(தொழிற்சாலையின் கடிதத்தாளில், தட்டச்சில்)

25.05.2025

செல்வி வைதேகிக்கு,

பொதி கட்டும் பகுதியில் இருபத்தைந்து உயரக் கதிரைகள் மீண்டும் போடப்பட்டுள்ளன. இது நிர்வாகம் தானாக எடுத்த முடிவு.

உங்கள் தாயாரின் உடல்நிலையைக் கருதி அவருக்கு ஓய்வு தேவை என நிர்வாகம் கருதுகிறது. ஜூன் மாதத்திலிருந்து அவருடைய பெயர் வேலைப் பட்டியலில் இடம்பெறாது. வேண்டிய உதவிகள் குடும்பம் என்ற முறையில் தனியாகச் செய்யப்படும்.

உங்கள் பட்டமளிப்புப் படம் தனிப் பொதியாக அனுப்பப்பட்டுள்ளது.

சிறிதரன்
நிர்வாக இயக்குநர்

*

டண்டினோங்
08.06.2025

மாமாவுக்கு,

இதைத் தொழிற்சாலை வாசலுக்கு வெளியே, நடைபாதையில் இருந்து எழுதுகிறேன். குளிரில் பேனா சரியாக எழுதவில்லை. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமியின் முழங்கால் எப்படி என்று தெரியவில்லை. சுகமாக இருக்கவேண்டும்.

நிர்வாக இயக்குநராக நீங்கள் எழுதிய கடிதத்தில் இருபத்தைந்து என்று இருந்தது. அம்மா வாசித்துவிட்டு அந்த எண்ணில் விரலை வைத்தார். "எல்லாருக்கும் போட்டிட்டு எனக்கு மட்டும் எடுத்திட்டாரோ" என்றார். அழுவார் என்று நினைத்தேன். தேத்தண்ணி போட்டார்.

போன திங்கட்கிழமை காலை, வழக்கமாக வேலைக்குப் போகும் நேரத்துக்கு எழும்பி, பூட்ஸுக்குப் பதிலாகச் செருப்புப் போட்டுக்கொண்டு, குசினிக் கதிரை ஒன்றைத் தூக்கினார். நாங்கள் கிரான்பர்னுக்கு வந்த நாள் நீங்கள் வாங்கித் தந்த நான்கு கதிரைகளில் ஒன்று. "எங்கை அம்மா?" என்றேன். "வேலைக்கு" என்றார். கதிரையோடு பஸ்ஸில் ஏறினார். தொழிற்சாலை வாசலுக்கு நேரே, பொது நடைபாதையில் கதிரையைப் போட்டு இருந்தார். பிளாஸ்கில் தேத்தண்ணி, மடியில் பின்னல் ஊசி. உள்ளே கால் வைக்கவில்லை. யாரையும் மறிக்கவில்லை. வேலை விடும் நேரம் வந்ததும் கதிரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

செவ்வாயும் போனார். புதனும் போனார். ஆரூரன் அண்ணா வெளியே வந்து, "அன்ரி, இது சரியில்லை, ஆக்கள் பாக்கினம்" என்றாராம். "பாக்கட்டும் தம்பி. இருந்துகொண்டுதானே இருக்கிறன். ஓய்வா இருக்கச் சொல்லித்தானே அண்ணை என்னை வீட்டை அனுப்பினவர்" என்றாராம் அம்மா. ஆரூரன் அண்ணா உள்ளே போய்விட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கலா அன்ரி உங்கள் புதிய உயரக் கதிரைகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டார். மரியம் பீவி அன்ரியும் வந்தார். பதினொரு பேர் வந்தார்கள். சாப்பிட்டார்கள். மணி அடித்தது. ஒருவரும் எழும்பவில்லை. ஆரூரன் அண்ணா வாசலில் நின்று, "அன்ரிமார், நேரமாச்சு! எழும்புங்கோ!" என்று கத்தினார்.

"எழும்பினாலும் குற்றம், இருந்தாலும் குற்றமெண்டா நாங்கள் என்ன செய்யிறது தம்பி?" என்றாராம் மரியம் பீவி அன்ரி. "தவமக்காவுக்கும் உள்ளுக்க ஒரு கதிரை போடும். வாறம்."

வெள்ளிக்கிழமை இருபத்தைந்து பேரும் வெளியே இருந்தார்கள். இயந்திரம் உள்ளே ஓடிக்கொண்டிருந்ததாம். இடியப்பம் அடுக்க ஆளில்லை.

இன்றைக்கு ஞாயிறு. வேலை இல்லை, இருந்தாலும் அம்மா வந்திருக்கிறார். நானும் வந்தேன். நாளைக்கு நூலகத்தில் லீவு சொல்லிவிட்டேன், போனில், நானே. மற்ற மூன்று குசினிக் கதிரைகளையும் கொண்டுவந்திருக்கிறோம். நீங்கள் நாளைக்கு வருவீர்கள் என்று கலா அன்ரி சொல்கிறார். வந்தால் உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. வில்லாவுட்டில் நின்றவருக்காக வைத்திருக்கிறோம். நிர்வாக இயக்குநர் வந்தால் அவர் நிற்கலாம்.

அம்மாவின் காலைப் பற்றி உங்கள் கடைசிக் கடிதத்தில் நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். ஒரு கிழமை கதிரையில் இருந்ததில் வீக்கம் வற்றியிருக்கிறது. விரலால் அழுத்திப் பார்த்தேன், குழி விழவில்லை.

வைதேகி